மார்க் வந்தது, புரியவில்லையாம்! – வாசகர் கேள்வி பதில்

கல்லூரி முதலாண்டில் கட்டுரை எழுதுவது பற்றி இந்த முறை ஒரு கட்டுக் கடிதம். நான் அமெரிக்காவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் 16 வருடம் இதே பாடத்தை நடத்திவிட்டு ஊர் திரும்பியவன் என்பது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது போல. சரி, பார்க்கலாம்.

என் மகன் அமெரிக்காவில் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் முதல் வருடம். பிளஸ் டூவில் ஆங்கிலத்தில் 96 மார்க். அங்கே 'காம்போசிஷன்' என்று ஒரு பாடம் கட்டாயமாம். முதல் கட்டுரைக்கு 'சி' போட்டு, ஓரமெல்லாம் 'யார்?', 'எப்போது?', 'அதனால் என்ன?' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை என்கிறான். இன்ஜினியர் ஆகப் போகிறவனுக்கு எதற்கு சார் இது?
– ஓர் அம்மா, பாளையங்கோட்டை

பிழை இல்லை என்று உங்கள் மகன் சொல்வதை நம்புகிறேன் அம்மா. 96 வாங்கிய பையன் பிழை விடமாட்டான். 'சி' வந்தது அதற்காக இல்லை.

நம் ஊர்ப் பரீட்சையில் பையன் யாருக்காக எழுதுகிறான் என்று யோசித்துப் பாருங்கள். விடைத்தாளைத் திருத்துகிறவருக்கு விடை ஏற்கெனவே தெரியும். கையில் விடைக்குறிப்பு இருக்கிறது, அந்தக் குறிப்பில் உள்ள சொற்கள் தாளில் வந்திருக்கின்றனவா என்று தேடுகிறார், வந்திருந்தால் டிக். பையன் பாதி சொல்லி விட்டாலும் மீதியை அவரே மனதுக்குள் நிரப்பிக்கொள்வார். பன்னிரண்டு வருடம் இப்படி ஒருவருக்கு எழுதிப் பழகிய பையனை அங்கே கொண்டுபோய், ஒன்றுமே தெரியாத ஒருவருக்கு எழுது என்கிறார்கள். அவனுக்குத் தெரிந்த எதுவும் அவருக்குத் தெரியாது. அவர் 'யார்?' என்று கேட்டால் அது திட்டு இல்லை, உண்மையிலேயே யார் என்று அவருக்குப் புரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தப் பாடத்தின் கதை பழையது. 1874இல் ஹார்வர்டு தன் நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதச் சொல்ல ஆரம்பித்தது. வந்தவர்கள் எல்லாம் வசதியான வீட்டுப் பையன்கள், நல்ல பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் படித்தவர்கள், தாய்மொழியே ஆங்கிலம். அப்படியும் திணறினார்கள். அதனால் 1885இல் முதலாண்டுக்கே கட்டாயமாக ஓர் எழுத்துப் பயிற்சிப் பாடத்தை வைத்தார்கள். அதைப் பார்த்து மற்ற கல்லூரிகளும் வைத்துக்கொண்டன. இன்றைக்கு நர்ஸிங் படிக்கிற பெண்ணும் இசை படிக்கிற பையனும் இன்ஜினியரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஆக, உங்கள் மகனுக்கு ஆங்கிலம் வராது என்று நினைத்து அவனை அங்கே உட்கார வைக்கவில்லை.

வகுப்பில் என்ன நடக்கும் என்றால், ஒரு செமஸ்டருக்கு நாலைந்து கட்டுரை இருக்கும். ஒவ்வொன்றுக்கும் முதலில் ஒரு டிராஃப்ட். அதைப் பக்கத்து சீட்டில் இருப்பவர் படித்துவிட்டு எங்கே குழம்பினேன் என்று சொல்வார், 'பீர் ரிவ்யூ' என்பார்கள். அப்புறம் ஆசிரியர் தனியாக 15 நிமிடம் கூப்பிட்டுப் பேசுவார். அப்புறம் திருப்பி எழுத வேண்டும். பல வகுப்புகளில் அந்த 'சி' கட்டுரையைத் திருத்தி எழுதிக் கொடுத்தால் மார்க் மாறும், அது உண்டா என்று சிலபஸைப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லூரிக்குள்ளேயே ரைட்டிங் சென்டர் என்று ஒன்று இருக்கும், காசு கிடையாது, நேரம் வாங்கிக்கொண்டு போனால் ஒருவர் உட்கார்ந்து படித்துப் பார்ப்பார். நம் பையன்கள் அங்கே போக வெட்கப்படுவார்கள், டியூஷன் என்றால் மக்கு என்று அர்த்தம் என்று நினைத்துக்கொண்டு. நன்றாக எழுதுகிறவர்களும் அங்கே போவார்கள்.

ஒன்றை மட்டும் இன்றைக்கே போனில் சொல்லிவிடுங்கள். நோட்ஸில் இருப்பதை வரி மாறாமல் எழுதினால் இங்கே மார்க். அங்கே ஒரு பத்தியை யாருடையது என்று சொல்லாமல் எடுத்துப் போட்டால் பூஜ்யம், சில இடங்களில் விசாரணை வரைக்கும் போகும். கெட்ட எண்ணமே இல்லாமல், மனப்பாடப் பழக்கத்தில் மாட்டிக்கொண்ட நல்ல பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

பி.காம் முதல் வருடம் படிக்கிறேன். 'தெளிவா எழுதும்மா' என்று மேடம் சொல்கிறார்கள், எப்படி என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். 'எங்கள் விடுதியில் ஒரு பிரச்சினை' என்ற தலைப்பில் எழுதியதை இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்குச் சொன்னால் என்ன சார், மோட்டார் ரிப்பேராகி மூணு வாரம் ஆச்சு. வார்டன் எழுதிக் கொடுத்துட்டாங்க, ஆபீஸ்ல இன்னும் கையெழுத்து ஆகலை. காலையில ஆறு மணிக்கு மேல போனா பக்கெட் நிரம்பாது. மூணாவது மாடிக்காரங்க நாங்கதான் செத்தோம். இதைத்தான் எழுதினேன், தெளிவா இல்லையாம்.
– பெயர், ஊர், கல்லூரி எதுவும் வேண்டாம்

நீ வைத்திருந்த கட்டுரையின் முதல் வரி இது:

"விடுதியில் தங்கிப் பயிலும் மாணவிகளுக்குத் தேவையான அடிப்படை வசதிகளில் மிக முக்கியமானதாகக் கருதப்படும் தண்ணீர் வசதியானது கடந்த சில காலமாகப் போதிய அளவில் வழங்கப்படாத சூழ்நிலை நிலவி வருவதால் பல்வேறு சிரமங்கள் ஏற்பட்டு வருகின்றன என்பது அனைவரும் அறிந்ததே."

28 சொல். எண்ணிப் பார்த்தேன். இதில் பக்கெட் எங்கேயம்மா? மோட்டார் எங்கே? மூணு வாரம் 'சில காலம்' ஆகிவிட்டது, பக்கெட் நிரம்பாதது 'பல்வேறு சிரமங்கள்' ஆகிவிட்டது. அனைவரும் அறிந்ததே என்றால் அப்புறம் எதற்கு எழுதுகிறாய்? வேடிக்கை என்னவென்றால், அதே பேனாவில் எனக்கு எழுதிய கடிதத்தில் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. ஏனென்றால் எனக்கு உன் விடுதியைப் பற்றி ஒன்றும் தெரியாது என்று நினைத்து எழுதினாய். மேடத்துக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிட்டாய்.

உன் கடிதத்தையே எழுத்து நடைக்கு மாற்றினால்:

"விடுதியின் மோட்டார் பழுதாகி மூன்று வாரம் ஆகிறது. வார்டன் எழுதிக் கொடுத்துவிட்டார், அலுவலகத்தில் இன்னும் கையெழுத்தாகவில்லை. காலை 6 மணிக்குப் பிறகு போனால் ஒரு பக்கெட் நிரம்பாது. மூன்றாவது மாடியில் இருக்கும் எங்கள் பாடுதான் அதிகம்."

நான் ஒன்றும் சேர்க்கவில்லை. எல்லாம் நீ சொன்னதுதான்.

இப்போது பழைய வரி எப்படிக் கெட்டது என்று பார். 'கருதப்படும்', 'வழங்கப்படாத' என்று இரண்டு 'படு' இருக்கிறது. 'படு' போட்டால் செய்தவர் மறைந்துவிடுவார். யார் கருதுகிறார்கள், யார் வழங்கவில்லை? அலுவலகத்தைச் சொல்ல உனக்குக் கொஞ்சம் பயம், அது எனக்குப் புரிகிறது. விடுதியில் இருந்துகொண்டு ஆபீஸைப் பகைத்துக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். மறைக்க வேண்டும் என்றால் மறைத்துக்கொள், ஆனால் மறைக்கிறோம் என்று தெரிந்து மறை. தெரியாமலே, வரிக்கு வரி பழக்கத்தில் மறைப்பதுதான் கெடுதல்.

இரண்டாவது விஷயம் கொஞ்சம் இலக்கணம், பொறுத்துக்கொள். தமிழில் வினை கடைசியில்தான் வரும். ஒரு பெயருக்கு முன்னால் 'தங்கிப் பயிலும்', 'தேவையான', 'கருதப்படும்' என்று பெயரெச்சமாக அடுக்கிக்கொண்டே போனால், படிக்கிறவர் அத்தனையையும் தலையில் சுமந்துகொண்டு, இறக்கி வைக்க இடம் தேடி வரியின் கடைசிவரை நடக்க வேண்டும். சில சமயம் யார் தலையில் இறக்குவது என்றே தெரியாது. 'குடித்துவிட்டு வந்த நண்பரின் தம்பி' என்று எழுதினால் குடித்தது நண்பரா, தம்பியா? கல்யாண வீட்டில் இந்த ஒரு வரிக்கு அடிதடியே நடக்கும். 'நண்பரின் தம்பி குடித்துவிட்டு வந்தான்' என்று எழுதிவிட்டால் நண்பர் தப்பித்தார்.

ஆனால் சின்னச் சின்ன வாக்கியமாகத்தான் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 'ஐந்து மணிக்கு எழுந்து, பக்கெட்டை எடுத்துக்கொண்டு, மூன்று மாடி இறங்கி, வரிசையில் நின்று, என் முறை வருவதற்குள் தண்ணீர் நின்று, காலிப் பக்கெட்டோடு மேலே ஏறினேன்.' இது நீளம்தான், ஆனால் மூச்சு வாங்கவில்லை பார். வினையெச்சங்கள் நடந்த வரிசையில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன, ஒவ்வொன்றையும் படிக்கும்போதே இறக்கி வைத்துவிட்டு நடக்கலாம். பாட்டி கதை சொல்வது இப்படித்தான். இதை விட்டுவிட்டு சர்க்குலர் பாஷையை எங்கே பிடித்தோம் என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

மேடத்திடம் இதைத் திரும்ப எழுதிக் கொண்டுபோய்க் காட்டு. மோட்டார் சரியானால் ஒரு வரி எழுதிப் போடு.

சுருங்கச் சொல், விளங்கச் சொல் என்று நன்னூலிலேயே இருக்கிறது. இதற்கு அமெரிக்காவுக்குப் போய்ப் பாடம் நடத்திவிட்டு வர வேண்டுமா?
– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

போனது சம்பளத்துக்கு ஐயா. ஆனால் நீங்கள் சொல்வது சரி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நூலுக்குரிய குற்றம் பத்து, அழகு பத்து என்று எழுதி வைத்துவிட்டார். அங்கே வகுப்பில் மாணவர்களின் தாளைத் திருத்தும்போது என் மனதில் ஓடியது அதுதான். தலைப்பு ஒன்று இருக்க வேறொன்றுக்குப் போய்ப் பக்கம் பக்கமாக எழுதினால் 'மற்றொன்று விரித்தல்'. முதல் பத்தி சிங்கமாக ஆரம்பித்து, கடைசிப் பத்தி ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கத்தில் எழுதியது என்று அப்பட்டமாகத் தெரிந்தால் 'சென்று தேய்ந்து இறுதல்'. பக்கம் நிரப்பச் சொன்னதையே திருப்பிச் சொன்னால் 'கூறியது கூறல்'. சொல் அலங்காரமாக நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அது 'வெற்றெனத் தொடுத்தல்'. இந்தக் கடைசிக் குற்றத்துக்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் கிடைக்காமல் தாளின் ஓரத்தில் ஒரு நீண்ட கோடு மட்டும் போட்டுவிடுவேன்.

ஆனால் ஐயா, கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். பத்துக் குற்றத்தையும் நாங்கள் ஐந்து மார்க் கேள்விக்காக மனப்பாடம் செய்தோம். எழுதிய விடையில் அந்தப் பத்தில் ஏழு குற்றமாவது இருந்திருக்கும். யாரும் அதை எங்கள் கட்டுரை மேல் வைத்துக் காட்டவில்லை. சூத்திரம் நம்மிடம் இருந்தது, திருப்பி எழுத வைக்கிற பழக்கம் அவர்களிடம் இருந்தது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை கட்டாயமா? முன்னுரையைத் திருக்குறளில் ஆரம்பித்தால் நன்றாக இருக்குமே?
– முதலாண்டு மாணவர், நாமக்கல்

குறளுக்கு மதிப்பு உண்டு, உன் முன்னுரைக்கு உண்டா என்பதுதான் கேள்வி. போக்குவரத்து நெரிசல் பற்றிய கட்டுரைக்கு எந்தக் குறளும் ஒட்டாது. இழுத்து ஒட்டினால் விழும்.

அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இதே வியாதி உண்டு. ஐந்து பத்திக் கட்டுரை என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள், முன்னால் ஒன்று, நடுவே மூன்று, பின்னால் ஒன்று. முதல் வரி எப்போதும் 'மனிதன் தோன்றிய நாள் முதல்' என்கிற மாதிரி ஆரம்பிக்கும். கல்லூரியில் முதல் வேலை அதை மறக்க வைப்பது. மூன்று பகுதி வைப்பது தப்பில்லை, சட்டி இருந்தால் சமைக்க வசதிதான். சட்டியையே பரிமாறக் கூடாது.

நான் வகுப்பில் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று. டிராஃப்டை முடித்த பிறகு முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவது பத்தியிலிருந்து படி. ஒன்றும் குறையவில்லை என்றால் முதல் பத்தியை வெட்டு. பத்துக்கு ஏழு பேர் வெட்டுவார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. சொல்ல வந்தது என்ன என்று எழுதுகிற நமக்கே எழுதி முடித்த பிறகுதான் பிடிபடும், அதனால் முன்னுரையைக் கடைசியில் எழுது.

கஷ்டமான வார்த்தைகள் போட்டால் மார்க் கூடுமா?
– திருப்பூரிலிருந்து ஒரு போஸ்ட் கார்டு

திருத்துகிறவர் களைத்திருந்தால் கூடும்.

சாட்ஜிபிடியில் எழுதி வாங்கினால் அழகாக வருகிறதே, நாம் எதற்கு மெனக்கெட வேண்டும்?
– பெயர் வேண்டாம், கோவை

முதலில் உன் கல்லூரி விதியைப் பார், ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு விதி, சிலர் பிழை பார்க்க மட்டும் விடுவார்கள், சிலர் தொடவே விடமாட்டார்கள். அது போகட்டும். 2022 நவம்பரில் அது வந்த பிறகு எனக்கு வந்த தாள்களைச் சொல்கிறேன். மேலே விடுதிப் பெண் எழுதிய 28 சொல் வாக்கியம் இருக்கிறதே, அந்த ஜாதி. பிழை இருக்காது, வழுக்கிக்கொண்டு போகும், படித்து முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. அந்த விடுதி மோட்டார் ரிப்பேரானது அதற்குத் தெரியாது, யாராவது சொன்னால்தான் தெரியும். அவ்வளவையும் அதற்குத் தெளிவாக எடுத்துச் சொல்ல உனக்கு வந்துவிட்டால் கட்டுரையே எழுதியாயிற்று.

அரசு உதவி பெறும் கல்லூரியில் முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். ஒரு வகுப்பில் 64 பேர். டிராஃப்ட், தனிச் சந்திப்பு எல்லாம் அமெரிக்காவுக்குச் சரி. எனக்கு வாரத்தில் நாலு பீரியட். தாளெல்லாம் சிவப்பாகத் திருத்திக் கொடுத்தாலும் அடுத்த முறை அதே பிழை. என்ன செய்யட்டும்?
– ஓர் ஆசிரியை, மதுரைப் பக்கம்

உங்கள் கோபம் நியாயம், மேடம். அங்கே எழுத்து ஆசிரியர்களின் சங்கமே வகுப்புக்கு 20 பேருக்கு மேல் கூடாது, 15 இருந்தால் உத்தமம் என்கிறது. 64 பேரை வைத்துக்கொண்டு அதே முறையைச் செய்ய முடியாது.

ஆனால் ஒருவர் கதை உங்களுக்கு உதவும். 1970இல் நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், அந்த நகரத்தில் பள்ளி முடித்த யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று கதவைத் திறந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகள், வீட்டில் வேறு பாஷை பேசுகிறவர்கள், கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் எழுதியதைப் பார்த்து ஆசிரியர்கள் பலர் இவர்களுக்குப் படிப்பே வராது என்று கை விரித்தார்கள். மினா ஷாக்னஸி என்கிற ஆசிரியை மட்டும் சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். பிழைகள் கண்டபடி விழவில்லை, ஒவ்வொரு பிள்ளையும் தனக்குள் ஏதோ ஒரு விதியை வைத்துக்கொண்டு அதன்படியே பிழை விடுகிறது, அந்த விதியைக் கண்டுபிடித்தால் ஒரே சமயத்தில் பல பிழைகள் போகும் என்று காட்டினார்.

அதனால் எல்லாவற்றையும் திருத்தாதீர்கள். சிவப்பாக வந்த தாளை ஒரு பிள்ளையும் படிப்பதில்லை, மார்க்கைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடும். ஒரு தாளில் ஒரே ஒரு வகைப் பிழையை மட்டும் வட்டம் போடுங்கள், மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு விடுங்கள். முதல் வாரம் கை அரிக்கும், பழகிவிடும். இன்னொன்று, பீரியடில் பத்து நிமிடம் பக்கத்தில் இருப்பவரின் தாளைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் படிக்கக் கூடாது, தான் எழுதியதை அவர் சரியாகவே படித்துவிடுவார். அடுத்தவர் படிக்கும்போது எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு புள்ளி வைத்தால் போதும், என்ன பிழை என்று பெயர் சொல்ல வேண்டியதில்லை. 64 பேர் சேர்ந்து படித்தால் சந்தைக்கடை மாதிரி இருக்கும், பக்கத்து வகுப்பிலிருந்து புகார் வரும். மரத்தடி இருந்தால் வெளியே கூட்டிக்கொண்டு போங்கள்.

மகள் வெளிநாட்டில் படிக்கிறாள். கட்டுரையை அனுப்பி 'எப்படி இருக்குப்பா' என்று கேட்கிறாள். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். நான் டயர் கடை வைத்திருக்கிறேன். 'சூப்பர்மா' என்று போடுகிறேன். வேறு என்ன செய்ய?
– ஓர் அப்பா, சிவகாசி

படிக்க வேண்டாம் அண்ணாச்சி, போனைப் போட்டு 'என்னம்மா எழுதியிருக்க, எனக்குப் புரியுற மாதிரி சொல்லு' என்று கேளுங்கள். அவள் சொல்லச் சொல்ல, புரியாத இடத்தில் நிறுத்தி ஏன், எதுக்கு, யாரு என்று கேளுங்கள். கடையில் வாடிக்கையாளர் 'வண்டி ஒரு மாதிரி இருக்கு' என்று வந்து நின்றால் நீங்கள் கேட்பீர்களே, அப்படி.

எனக்கு இதைப் புரிய வைத்தவன் ஒரு மெக்சிகோ பையன். ஓட்டலில் ராத்திரி பாத்திரம் கழுவிக்கொண்டே படித்தான். அந்த வேலையைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக் கொண்டுவந்தான், 'உழைப்பின் மதிப்பு' அது இது என்று, ஒரு வரியில்கூட ஒரு தட்டு இல்லை. நானும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில், உன் அம்மாவுக்குப் போன் போட்டு இதை உங்கள் பாஷையில் சொல் பார்ப்போம் என்றேன். என் அறையிலேயே போட்டான். எனக்கு ஸ்பானிஷ் ஒரு சொல் தெரியாது. இரண்டு நிமிடம் பேசியிருப்பான், கையை ஆட்டி ஆட்டி, நீராவி முகத்தில் அடிப்பதை எல்லாம் காட்டிக்கொண்டு. அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து அம்மா ஏதோ கேட்டார். பையன் அப்படியே நின்றுவிட்டான்.

என்ன கேட்டார் என்றேன். 'அதற்கு எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்கிறார்' என்றான். ஆறு பக்கத்திலும் அந்தத் தொகை இல்லை.